தயிரில்லாத பச்சடி

நுழையுமுன்

விழா நாளில் ஊரே கூடி உண்கிறது. ஒரு பிள்ளை மட்டும் இலையைப் பார்த்து அஞ்சி, வெறுங்கையுடன் ஓரமாக நிற்கிறான். அவனையும் பந்தியில் அமர்த்துவது எப்படி? ஒரு குடும்பம் நிலக்கடலையைக் கொண்டு இதற்கு விடை கண்டது. அந்த விடையில் சமையலும் அறிவியலும் வரலாறும் மொழியும் கலந்துள்ளன. பாடத்தைப் படித்தபின் வீட்டுப் பெரியவர் ஒருவரின் துணையோடு நீங்களும் செய்து பாருங்கள்.

1. வெண்மைக்கு அஞ்சிய தம்பி

நாங்கள் மைசூருப் பகுதியில் உள்ள ராமாபுரத்தில் வாழ்கிறோம். என் தந்தை வேலையின் பொருட்டு இங்கு வந்தபோது நான் கைக்குழந்தை. தம்பி இங்கேயே பிறந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் என நான்கு மொழிகளுக்கு நடுவே நாங்கள் வளர்கிறோம்.

தம்பிக்கு இப்போது எட்டு வயது. பாலும் பாலிலிருந்து ஆகும் பொருள்களும் அவனுக்கு ஒவ்வா. தயிர், மோர், வெண்ணெய் எதுவும் அவன் நாவில் படக்கூடாது. பாலில் உள்ள புரதத்தை அவனுடைய உடல் பகையென்று எண்ணிப் போர் தொடுக்கிறது என்று மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். பாலைச் செரிக்க இயலாமல் வயிறு உப்புசம் கொள்வது வேறு. இந்த ஒவ்வாமை வேறு. முன்னது தொல்லை தரும். பின்னது சில வேளைகளில் உயிருக்கே ஊறு செய்யும்.

சென்ற ஆண்டு இராம நவமியன்று எங்கள் தெருவில் அனைவருக்கும் உணவு வழங்கினர். இலையில் வெள்ளரிப் பச்சடி வைத்தனர். தேங்காய் அரைத்த பச்சடி என்று எண்ணித் தம்பி ஒரு வாய் உண்டான். அது தயிர்ப் பச்சடி. சில நிமிடங்களில் அவன் உதடுகள் வீங்கின. உடலெங்கும் தடிப்புகள் தோன்றின. மூச்சு இரைத்தது. அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். மருத்துவமனையில் ஊசி போட்ட பின்பே அவன் மூச்சு சீரானது.

அன்று முதல் வெண்ணிறமாக எதைக் கண்டாலும் அவனுக்கு அச்சம். தேங்காய்ச் சட்னியைத் தொடமாட்டான். கஞ்சியை விலக்கி வைப்பான். "இதில் பால் இல்லை" என்று அம்மா எத்தனை முறை கூறினாலும் கேட்கமாட்டான். விருந்துக்கு யார் அழைத்தாலும், "நான் வரவில்லை, அக்கா மட்டும் போகட்டும்" என்பான்.

2. ஒரு கடலை, பல பெயர்

இந்த ஆண்டு பங்குனி மாதத்தில் பாட்டி செஞ்சிப் பக்கத்து ஊரிலிருந்து வந்தார். ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்து, "மல்லாட்டை கொண்டுவந்திருக்கிறேன், கண்ணு" என்றார். பையைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது நிலக்கடலை!

என் அம்மா பொள்ளாச்சியில் வளர்ந்தவர். அவருக்கு அது நிலக்கடலை. சென்னையிலிருந்து வந்த என் வகுப்புத் தோழி அதனை வேர்க்கடலை என்கிறாள். இலங்கைத் தமிழர் கச்சான் என்பர். எங்கள் தெருவில் அது கடலெகாயி. வட கர்நாடகத்தார் சேங்கா என்பர். இவ்வளவு பெயர்களும் ஒரே பருப்புக்கு உரியவை.

மறுநாள் இதனை எங்கள் தமிழாசிரியையிடம் கூறினேன். அவர் கரும்பலகையில் எல்லாப் பெயர்களையும் எழுதச் செய்து விளக்கினார்.

"நிலக்கடலையின் தாயகம் தென்னமெரிக்கா. ஸ்பானியர் அமெரிக்க நாட்டுப் பயிர்கள் பலவற்றைக் கப்பலில் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கொண்டு சென்றனர். அத்தீவுகளின் தலைநகர் மணிலா. அவ்வூர்ப் பெயரால் மணிலாக்கொட்டை என்னும் பெயர் தமிழில் வழங்கியது. மணிலாக்கொட்டை மக்கள் நாவில் மல்லாக்கொட்டை ஆயிற்று; பின்னர் மல்லாட்டையாகச் சுருங்கிற்று. உன் பாட்டி கூறும் சொல்லுக்குள் ஒரு கடற்பயணமே அடங்கியுள்ளது."

"வேர்க்கடலை என்கிறோமே, அம்மா, அது வேரிலா காய்க்கிறது?" என்று ஒரு மாணவன் வினவினான்.

"இல்லை. இச்செடியின் பூ நிலத்துக்கு மேலே பூக்கும். பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற ஒரு காம்பு வளர்ந்து மண்ணுக்குள் இறங்கும். உழவர்கள் இதனை விழுது இறங்குதல் என்பர். அந்த விழுதின் நுனியே மண்ணுக்குள் காயாகிறது. தோண்டி எடுக்கும்போது வேரோடு சேர்ந்து வருவதால் வேர்க்கடலை என்று பெயரிட்டனர்" என்றார் ஆசிரியை.

பெங்களூரில் பசவனகுடிக் காளை கோயிலருகே கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்களன்று கடலைக்காய்த் திருவிழா ஆண்டுதோறும் நடைபெறுகிறது. கடல் கடந்து வந்த ஒரு பயிர், இந்த மண்ணில் தனக்கெனத் திருவிழாவே காணும் அளவுக்கு வேரூன்றிவிட்டது.

3. மாளிகைக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

பேச்சுக்கிடையே தம்பியின் நிலையை ஆசிரியையிடம் கூறினேன். அவர் சிறிது நேரம் அமைதியாக இருந்தார். பின்னர், "பசுவிடமிருந்து வாராத பாலைப் பற்றி நம் மைசூருக்கு ஒரு வரலாறு உண்டு; கேளுங்கள்" என்று தொடங்கினார்.

மைசூரு அரச குடும்பத்து இளவரசி ஒருவருக்காகக் கட்டப்பட்ட பெரிய மாளிகை செலுவாம்பா மாளிகை. நாடு விடுதலை பெற்ற பின்னர் அம்மாளிகை உணவு ஆராய்ச்சிக்கென வழங்கப்பட்டது. அங்கே 1950ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பெற்றது. இளவரசி வாழ்ந்த அறைகளில் அரைவை எந்திரங்களும் கண்ணாடிக் குடுவைகளும் இடம்பெற்றன.

அந்நிறுவனத்தின் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். அதற்கு முன் அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உயிர்வேதியியல் துறைக்குத் தலைமை தாங்கியவர். பின்னாளில் தஞ்சைப் பகுதியில் நெல் பதன ஆய்வு மையம் உருவாக வழி செய்தவரும் அவரே.

அக்காலத்தில் நம் நாட்டில் பால் போதிய அளவு கிடைக்கவில்லை. ஏழைக் குழந்தைகள் பலர் புரதக் குறைவால் மெலிந்தனர். நிலக்கடலையோ நாட்டில் மிகுதியாக விளைந்தது. ஆனால் செக்கிலும் ஆலையிலும் அதன் எண்ணெயைப் பிழிந்தபின் எஞ்சிய பிண்ணாக்கு மாட்டுக்குத் தீவனமாகவும் நிலத்துக்கு உரமாகவும் போயிற்று. கடலையில் ஏறத்தாழக் கால் பங்கு புரதம். எண்ணெயை எடுத்த பின்னரும் அப்புரதம் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. குழந்தைகளுக்கு எட்டாத புரதம் தொழுவத்துக்கும் வயலுக்கும் சென்றுகொண்டிருந்தது.

மைசூரு அறிஞர்கள் இதனை மாற்ற முயன்றனர். கடலையை அரைத்துப் பால் எடுத்தனர். அப்பாலைத் தயிராகவும் தோய்த்துப் பார்த்தனர். தூய முறையில் ஆக்கிய கடலை மாவு 75 பங்கும் கொண்டைக்கடலை மாவு 25 பங்கும் கலந்து, உயிர்ச்சத்துகளும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்துப் பல்நோக்கு உணவு என ஒன்றை உருவாக்கினர். பின்னர், கடலைப் புரதத்தையும் மாட்டுப்பாலையும் கலந்த மில்டோன் என்னும் பானமும் அங்கே உருவாயிற்று. சிறிதளவு பாலைப் பலருக்கும் பகிர்ந்தளிக்க அது ஒரு வழி.

"மில்டோனில் மாட்டுப்பால் இருந்ததால் அது உன் தம்பிக்கு ஆகாது. ஆனால் வெறும் கடலையை அரைத்தே பால் போன்ற குழைவைப் பெறலாம் என்று இந்த ஊர் கண்டறிந்ததே, அது அவனுக்கு உதவும். கடலை அவன் உடலுக்கு ஏற்குமா என்று முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்" என்றார் ஆசிரியை.

4. எண்ணெயும் நீரும் ஏன் வெளுக்கின்றன?

"ஆனால் அம்மா, அது வெள்ளையாக இருந்தால் தம்பி தொடமாட்டானே" என்றேன்.

ஆசிரியை ஒரு சிறிய கண்ணாடிப் புட்டியை எடுத்தார். அதில் பாதி நீரும், சிறிதளவு கடலை எண்ணெயும் ஊற்றினார். நீர் தெளிவாக இருந்தது. எண்ணெய் இளமஞ்சளாக அதன்மேல் மிதந்தது. மூடியை இறுக மூடிப் பலமாகக் குலுக்கினார். கலவை வெளுத்தது! சிறிது நேரத்தில் எண்ணெய் மீண்டும் மேலே பிரிந்தது, வெண்மையும் மறைந்தது.

"பார்த்தீர்களா? இதில் ஒரு துளியும் பால் இல்லை. பின் வெண்மை எங்கிருந்து வந்தது? எண்ணெய் நுண்ணிய துளிகளாக உடைந்து நீருக்குள் சிதறியபோது, ஒளி அத்துளிகளின்மேல் பட்டு எல்லாத் திசைகளிலும் தெறித்தது. அவ்வாறு தெறிக்கும் ஒளியே நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. மாட்டுப்பாலிலும் கொழுப்பு இவ்வாறே நுண்துளிகளாகச் சிதறியுள்ளது. ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களுள் ஒன்று மற்றொன்றில் நுண்துளிகளாகப் பரவி நிற்பதைப் பால்மம் என்பர்."

பால்மம்! பால் என்னும் சொல்லிலிருந்தே பிறந்த அறிவியற்சொல். அச்சொல் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அடுத்து அவர் அதே புட்டியில் சிறிது கடுகுத்தூளை இட்டுக் குலுக்கினார். இம்முறை எண்ணெய் பிரிவதற்கு நெடுநேரம் ஆயிற்று. பகைவர் இருவருக்கு நடுவே இருவருக்கும் வேண்டியவர் ஒருவர் நின்றால் சண்டை அடங்குவதுபோல, எண்ணெயோடும் நீரோடும் உறவு கொள்ளும் பொருள் ஒன்று துளிகளைச் சூழ்ந்து நின்றால் அவை ஒன்றுசேர்ந்து பிரியா. கடுகின் தோலில் உள்ள வழவழப்பான பொருள் அவ்வேலையைச் செய்கிறது. கடலையிலோ எண்ணெயும் உண்டு. துளிகளைக் காக்கும் புரதமும் உண்டு. ஆகவே கடலையை நன்றாக அரைத்து நீர் சேர்த்தால் போதும். பால்மம் தானே உருவாகும்.

மேலைநாட்டார் பச்சைக் காய்கறிக் கலவையைச் சாலட் என்பர். அதன்மேல் ஊற்றிக் கலக்கும் சாற்றுக்கு டிரெஸ்ஸிங் என்று பெயர். நாம் அதனை மேற்சாறு எனலாம். கடைகளில் விற்கும் கெட்டியான மேற்சாறுகள் பலவற்றில் முட்டையோ பால்பொருளோ இருக்கும். கடலை மேற்சாற்றுக்கு இரண்டும் வேண்டா.

5. கெட்டுவிட்டதோ என்று அஞ்சிய நேரம்

மருத்துவர் தம்பியைச் சோதித்து, கடலை உண்பதற்குத் தடையில்லை என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வேலையைத் தொடங்கினோம்.

"சமைத்து வைத்து உண் என்றால் அவன் உண்ணமாட்டான். முதலிலிருந்து கடைசிவரை அவன் கையாலேயே செய்யட்டும்" என்றார் பாட்டி. அதுவே சிறந்த யோசனையாக அமைந்தது. தம்பி காய்களை ஒவ்வொன்றாக உடைத்தான். சுருங்கியவை, நிறம் மாறியவை, பூசணம் பூத்தவை ஆகியவற்றைப் பாட்டி பொறுக்கி எறியச் சொன்னார். பூசணம் பிடித்த கடலையில் கொடிய நஞ்சு தோன்றக்கூடும்; வறுத்தாலும் அது முழுமையாக நீங்காது.

அம்மா மிக்சியின் சாடியை வெந்நீரும் சோப்பும் இட்டுக் கழுவினார். முன்னர் அதில் மோர் அடித்ததன் சுவடுகூட இருத்தலாகாது என்பது அவர் எண்ணம். பாட்டி கடலையை இளந்தீயில் வறுத்தார். ஆறியபின் தம்பி உள்ளங்கைகளால் தேய்த்துத் தோலை ஊதினான். சமையலறை முழுவதும் செந்நிறத் தோல் பறந்தது. நெடுநாளுக்குப் பின் அவன் சிரித்ததைக் கண்டேன்.

மிக்சி ஓடியது. கடலை முதலில் பொடியாயிற்று. பின்னர் கட்டி கட்டியாகத் திரண்டது. சற்று நேரத்தில் எண்ணெய் கசிந்து பழுப்பு நிற விழுதாயிற்று. நான் ஒரு கரண்டி வெதுவெதுப்பான நீரை விட்டு மீண்டும் ஓட்டினேன். இளகும் என்று நினைத்த விழுது களிமண்போல் இறுகிக்கொண்டது!

"கெட்டுவிட்டது, அக்கா!" என்றான் தம்பி. எனக்கும் அழுகை வந்தது.

பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "கெடவில்லை, கண்ணு. அதற்குத் தாகம் இன்னும் தீரவில்லை. தண்ணீரைச் சிறுகச் சிறுக விடு" என்றார். இரண்டாம் கரண்டி விட்டேன், அப்படியே இருந்தது. மூன்றாவது, நான்காவது. ஐந்தாம் கரண்டியில் விழுது தளர்ந்தது. பழுப்பு நிறம் வெளிறியது. எங்கள் கண்ணெதிரே அது பாலேடுபோல் வெண்மையாகக் குழைந்தது.

வறுத்த கடலையின் மாவுப்பொருளும் புரதமும் முதலில் விடும் சிறிதளவு நீரை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதனால் விழுது இறுகுகிறது. நீர் மேலும் சேர்ந்ததும் அவை பிரிந்து பரவுகின்றன. எண்ணெய் நுண்துளிகளாக நீருக்குள் மிதக்கிறது. ஆசிரியையின் புட்டியில் நான் கண்டதே இங்கும் நிகழ்ந்தது.

தம்பி அந்த வெண்மையை உற்று நோக்கினான். பின்வாங்குவானோ என்று நாங்கள் அஞ்சினோம். அவன் என்னை நோக்கி, "இதில் நாம் கடலையும் தண்ணீரும்தானே போட்டோம்?" என்றான்.

"நீதான் போட்டாய்" என்றேன்.

அவன் சுண்டுவிரலால் சிறிது தொட்டு நாவில் வைத்தான். நாங்கள் மூச்சை அடக்கிக் காத்திருந்தோம். அவன் நிமிர்ந்து, "உப்புப் போடவில்லையே!" என்றான்.

6. இராம நவமிப் பந்தி

இராம நவமி வந்தது. கர்நாடகத்தில் அன்று கோசம்பரியும் பானகமும் நீர்மோரும் வழங்குவர். ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரிக்காயும் தேங்காயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கடுகு தாளிப்பது கோசம்பரி. தமிழ்நாட்டில் அதே நாளில் அதே உணவை வடைப்பருப்பு என்று வழங்குவர்.

எங்கள் வீட்டின் பங்காக ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பச்சடி கொண்டு சென்றோம். வெள்ளரி, கேரட், ஊறிய பாசிப்பருப்பு, மாதுளை முத்துகள். அவற்றின்மேல் தம்பி ஆக்கிய கடலை மேற்சாறு.

அடுத்த வீட்டு அஜ்ஜி பாத்திரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். சென்ற ஆண்டு நடந்தது அவருக்கும் நினைவிருந்தது. "மொசரு?" என்று கேட்டுத் தம்பியின் கையைப் பற்றினார்.

"மொசரு அல்ல, அஜ்ஜி. கடலெகாயி!" என்றான் தம்பி. கடலை உடைத்ததிலிருந்து மேற்சாறு வெளுத்தது வரை கன்னடத்தில் சொல்லி முடித்தான். அஜ்ஜி ஒரு வாய் உண்டார். மறுபடியும் கை நீட்டினார்.

சென்ற ஆண்டு ஓரமாக நின்றவன் இந்த ஆண்டு கரண்டியைப் பிடித்துப் பரிமாறினான். தன்னைவிடச் சிறிய பெண் ஒருத்தி இலையுடன் வந்தாள். உடனே பரிமாறாமல் அவன் அவளுடைய தாயை நிமிர்ந்து பார்த்தான்.

"அத்தை, இதில் கடலை இருக்கிறது. பாப்பாவுக்குக் கடலை ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டான்.

சென்ற ஆண்டு அவனுக்காக அப்படிக் கேட்பதற்கு ஒருவரும் இருக்கவில்லை.

செய்முறை: கடலை மேற்சாறு (நால்வருக்கு)

தேவையான பொருள்கள்

வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை – 100 கிராம்
வெதுவெதுப்பான நீர் – ஏறத்தாழ 120 மில்லிலிட்டர்
எலுமிச்சைச் சாறு – 2 மேசைக்கரண்டி
கடுகுத்தூள் – அரைத் தேக்கரண்டி
உப்பு – அரைத் தேக்கரண்டி
தூளாக்கிய வெல்லம் – 1 தேக்கரண்டி
இஞ்சி – சிறு துண்டு
பச்சை மிளகாய் – 1
கொத்தமல்லித் தழை – சிறிதளவு

செய்யும் முறை

1. கடலையை நீரின்றி மிக்சியில் அரைக்க. இடையிடையே நிறுத்திச் சாடியின் ஓரங்களில் ஒட்டியதை வழித்துவிடுக. கரண்டியை உள்ளே இடுமுன் மின் இணைப்பைத் துண்டிக்க.
2. எண்ணெய் கசிந்து விழுதானதும், இஞ்சி, மிளகாய், கடுகுத்தூள், உப்பு, வெல்லம் ஆகியவற்றைச் சேர்த்து அரைக்க.
3. நீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அரைக்க. விழுது இறுகினால் அஞ்ச வேண்டா. மேலும் நீர் விடுக. இளகி வெளுக்கும்வரை இவ்வாறு செய்க.
4. இறுதியில் எலுமிச்சைச் சாற்றைச் சேர்க்க. புளிப்புப் பட்டதும் புரதம் சற்றுத் திரளும். அதனால் சாறு கெட்டியாகும். வேண்டுமாயின் இன்னும் ஒரு கரண்டி நீர் விட்டுக் கலக்குக.
5. கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கித் தூவுக.
6. நறுக்கிய காய்கறிகளுடன் உண்ணும் வேளையிலேயே கலக்குக. முன்னரே கலந்து வைத்தால் உப்பு வெள்ளரிக்காயின் நீரை வெளியே இழுக்கும், மேற்சாறு நீர்த்துவிடும்.

நினைவில் கொள்க

கடலை ஒவ்வாதவர்கள் இதனை உண்ணலாகாது. அவர்கள் கடலைக்கு மாற்றாகத் தேங்காயைக் கெட்டியாக அரைத்துப் பயன்படுத்தலாம். எள்ளும் ஏற்றதே, எனினும் சிலருக்கு எள்ளும் ஒவ்வாது. எதையும் பெற்றோரிடம் கேட்டபின் உண்க.

எஞ்சிய சாற்றை மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாள்களுக்குள் பயன்படுத்துக.

இம்மேற்சாறு தயிரின் குழைவைத் தரும். பாலில் உள்ள அளவு சுண்ணாம்புச் சத்தைத் தராது. பால் உண்ணாத பிள்ளைகள் கேழ்வரகு, கீரை, எள் போன்றவற்றிலிருந்து அச்சத்தைப் பெறலாம். மைசூருப் பகுதியில் நாள்தோறும் உண்ணும் கேழ்வரகுக் களியில் அது நிறைந்துள்ளது.

சொற்பொருள்

ஒவ்வா – பொருந்தா, ஏற்கா
ஊறு – தீங்கு
விழுது – மண்ணுள் இறங்கும் காம்பு; அரைத்த குழைவு
பிண்ணாக்கு – எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் சக்கை
நீர்மம் – நீர்போல் ஓடும் தன்மையுடைய பொருள்
பால்மம் – ஒரு நீர்மம் மற்றொன்றில் நுண்துளிகளாகப் பரவிய கலவை
பூசணம் – உணவின்மேல் படரும் பூஞ்சை
மொசரு – தயிர் (கன்னடம்)
அஜ்ஜி – பாட்டி (கன்னடம்)

மொழியை அறிவோம்

அ. பால் என்னும் சொல் தமிழில் பல பொருள் தரும். பசு தருவது பால். தேங்காயைப் பிழிந்தால் வருவதும் பால். கள்ளிச்செடியின் கிளையை ஒடித்தால் வடிவது கள்ளிப்பால். நெற்கதிரில் மணி முற்றுமுன் பால் பிடிக்கிறது என்பர் உழவர். பிரிவு என்னும் பொருளும் இதற்கு உண்டு. ஆண்பால், பெண்பால் என்பன இலக்கணப் பிரிவுகள். திருக்குறள் அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால் என மூன்று பிரிவுகளை உடையது.

ஆ. தமிழ்ச் சொற்கள் சிலவற்றின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாக ஒலிக்கும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. தமிழில் புலி, கன்னடத்தில் ஹுலி. இரு மொழிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதற்கு இத்தகைய சொற்கள் சான்றாகும்.

இ. செய்முறைப் பகுதியில் அரைக்க, விடுக, செய்க, கலக்குக எனக் ககரத்தில் முடியும் வினைகள் வந்துள்ளன. இவை வியங்கோள் வினைமுற்றுகள். வேண்டுதல், வாழ்த்துதல், விதித்தல் ஆகிய பொருள்களில் இவை வரும்.

பயிற்சிகள்

1. ஓரிரு சொற்களில் விடை தருக.
(அ) நிலக்கடலையின் தாயகம் எது?
(ஆ) மல்லாட்டை என்னும் சொல் எந்த ஊர்ப் பெயரிலிருந்து பிறந்தது?
(இ) மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எந்த மாளிகையில் தொடங்கப்பெற்றது?
(ஈ) அந்நிறுவனத்தின் முதல் இயக்குநர் யார்?

2. இரண்டு அல்லது மூன்று தொடர்களில் விடை தருக.
(அ) வேர்க்கடலை வேரில் காய்ப்பதில்லை. பின் எவ்வாறு காய்க்கிறது?
(ஆ) பால் சேராத கலவை வெண்ணிறமாகத் தோன்றுவது ஏன்?
(இ) கடலை விழுதில் முதல் கரண்டி நீரை விட்டதும் என்ன நேர்ந்தது? அதற்குக் காரணம் யாது?
(ஈ) காய்கறியையும் மேற்சாற்றையும் முன்னரே கலந்து வைக்கலாகாது. ஏன்?

3. பத்துத் தொடர்களில் எழுதுக.
(அ) "முதலிலிருந்து கடைசிவரை அவன் கையாலேயே செய்யட்டும்" என்று பாட்டி கூறியதன் காரணம் என்ன? அது தம்பியிடம் ஏற்படுத்திய மாற்றத்தை விளக்குக.
(ஆ) மைசூரு அறிஞர்கள் நிலக்கடலையை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஏன்? அவர்கள் உருவாக்கிய உணவுகள் யாவை?

4. சேர்த்து எழுதுக.
(அ) கடலை + பால்
(ஆ) வேர் + கடலை
(இ) தேங்காய் + பால்
(ஈ) எலுமிச்சை + சாறு

5. பிரித்து எழுதுக.
(அ) வெந்நீர்
(ஆ) வெண்ணிறம்
(இ) கண்ணெதிரே
(ஈ) தயிரில்லாத

6. கீழ்வரும் கன்னடச் சொற்களுக்கு இணையான தமிழ்ச் சொற்களை எழுதுக.
ஹல்லு, ஹாவு, ஹத்து, ஹூ

7. ஏவல் தொடர்களை வியங்கோள் தொடர்களாக மாற்றுக.
(அ) கடலையை வறு.
(ஆ) நீரைச் சிறிது சிறிதாக விடு.
(இ) பெரியவர்களைக் கேட்டு உண்.

செயல்பாடு

உங்கள் வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் அண்டை வீட்டாரிடமும் நிலக்கடலைக்கு அவர்கள் ஊரில் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுக. ஊர், மொழி, பெயர் என மூன்று பத்திகளாக அட்டவணை அமைக்க. வகுப்பில் உள்ள அனைவரின் அட்டவணைகளையும் ஒன்றாக்கிச் சுவரில் ஒட்டுக.

சிந்திக்க

உங்கள் வகுப்பில் யாருக்கேனும் ஏதேனும் ஓர் உணவு ஒவ்வாதா? அவரும் உடன் அமர்ந்து உண்ணும் வகையில் உங்கள் அடுத்த வகுப்பு விழாவின் உணவுப் பட்டியலை எவ்வாறு அமைப்பீர்கள்? குழுவாகக் கலந்துரையாடி எழுதுக.